அச்சத்துக்குப் பண்பாடு என்று பெயர்

பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் ‘பண்பாட்டுப் புரிதல்’ பயிற்சிகளில் ஒரு வாக்கியம் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது: இந்தியர்கள் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் ‘ஆம்’ என்றால் அதை ஆம் என்று கொள்ளக்கூடாது; தலையை ஆட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது; ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது அமெரிக்க, ஐரோப்பிய மேலாளர்களுக்கான பாடம். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் இருக்கும் பொறியாளருக்கு இதே பாடம் மறுபக்கத்திலிருந்து நடத்தப்படுகிறது: உங்கள் பண்பாடு உங்களைத் தடுக்கிறது, நேராகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு இது தீங்கற்ற பாடம். பன்மையை மதிக்கும் தோற்றமும் இதற்கு உண்டு. ஆனால் இது செய்யும் வேலை வேறு. ஒப்பந்தத்திலும் ஊதியத்திலும் வேலைநேரத்திலும் கிடக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, பலம் குறைந்த தரப்பின் பிறவிக்குணமாக மாற்றிக் கொடுக்கிறது. பன்னாட்டு வணிகத்தில் பண்பாடு என்ற சொல் பெரும்பாலும் அச்சத்துக்கு இடப்பட்ட மரியாதைப் பெயர்.

இந்தப் பெயர்சூட்டல் தொடங்கிய இடம் தெரிந்த ஒன்றே. டச்சு ஆய்வாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீட் ஐபிஎம் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவில் பணியாளர் ஆய்வுத் துறையில் வேலை செய்தவர். 1967க்கும் 1973க்கும் இடையில் அந்நிறுவனம் தன் ஊழியர்களிடம் நடத்திய மனப்பாங்கு ஆய்வுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள் சேர்ந்தன. அவற்றை நாடுவாரியாகப் பிரித்து, 40 நாடுகளுக்கு எண்கள் கொடுத்து, 1980இல் நூலாக்கினார். அந்த எண்களில் மிகவும் புகழ்பெற்றது ‘அதிகார இடைவெளி’. ஒரு சமூகத்தில் கீழிருப்பவர்கள் ஏற்றத்தாழ்வை எந்த அளவுக்கு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதன் அளவு அது என்று சொல்லப்படுகிறது. இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஆஸ்திரியாவுக்கு 11. உலகம் முழுவதும் மேலாண்மைப் பாடநூல்கள் இந்த எண்களை இன்றும் அச்சிடுகின்றன.

அந்த 77 எதைக் கேட்டுப் பெறப்பட்டது? மூன்று கேள்விகளின் விடைகளைக் கூட்டிக் கழித்துக் கிடைத்த எண் அது. உங்கள் மேலாளர் எவ்வாறு முடிவெடுக்கிறார் என்பது ஒன்று. எவ்வாறு முடிவெடுக்கும் மேலாளரை நீங்கள் விரும்புவீர்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியமானது: மேலாளரோடு கருத்து வேறுபாட்டை வெளிப்படுத்த ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகிறார்கள்?

அலுவலகத்தில் அச்சம் இருக்கிறதா என்று அலுவலகமே ஊழியரிடம் கேட்கிறது. இருக்கிறது என்று ஊழியர் எழுதுகிறார். அந்த விடை மேலாளரைப் பற்றிய தகவலாகவோ நிறுவனத்தைப் பற்றிய தகவலாகவோ பதிவாகவில்லை. ஊழியர் பிறந்த நாட்டைப் பற்றிய தகவலாகப் பதிவாகிறது. காய்ச்சலை அளந்துவிட்டு அதை நோயாளியின் சுபாவம் என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவரை யாரும் ஏற்கமாட்டார்கள். மேலாண்மைக் கல்வி அத்தகைய மருத்துவச் சீட்டை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்துவருகிறது.

எண்களின் அடித்தளமும் அவ்வளவு உறுதியானதன்று. பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் வெளியிட்ட விமர்சனக் கட்டுரை இதை விரிவாகக் காட்டியது. இரண்டு சுற்று ஆய்விலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விடையளித்த நாடுகள் ஆறு மட்டுமே. பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். ஒரு முழு நாட்டின் மனம் இவர்களைக்கொண்டு வரையப்பட்டது. இந்தியாவின் கதையில் வேறொரு வேடிக்கை உண்டு. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கக் கோரியது, ஐபிஎம் மறுத்தது, 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. நிறுவனமே மூட்டை கட்டிப் போய்விட்டது. அது விட்டுச்சென்ற 77 மட்டும் இன்னும் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறது.

ஹாஃப்ஸ்டீடுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாட்டுக்கான எண்ணைத் தனிமனிதர்மீது ஏற்றக்கூடாது என்று அவரே எச்சரித்தார். பயிற்சிச் சந்தை எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கழற்றிவிட்டது. எண் விற்கும், எச்சரிக்கை விற்காது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். இந்தியச் சமூகம் படிநிலைச் சமூகம்தானே, சாதி இல்லையா, மேலே இருப்பவர் முன் கைகட்டி நிற்கும் வழக்கம் இல்லையா? எல்லாம் இருக்கின்றன. சாதி இருக்கிறது என்பதனாலேயே 77 என்ற எண் பயனற்றதாகிறது. அடக்குபவருக்கும் அடக்கப்படுபவருக்கும் ஒரே மதிப்பெண்ணை வழங்கி, இருவரும் ஏற்றத்தாழ்வை ‘ஏற்றுக்கொள்கிறார்கள்’ என்று அது சொல்கிறது. அயோத்திதாசரும் ஃபுலேயும் அம்பேத்கரும் பெரியாரும் வாழ்ந்து போராடிய நிலத்தைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு வரலாற்றைக் கண்மூடிக் கடக்கும் துணிவு வேண்டும். மேலும், 1970களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் ஆங்கிலக் கல்வியோடு நுழைய முடிந்தவர்கள் இந்தியச் சமூகத்தின் எந்த அடுக்குகளிலிருந்து வந்திருப்பார்கள்? அவர்களுடைய விடைகள்தான் ‘இந்தியா’ என்று பெயர் பெற்றன.

இனி, ‘முடியாது’ என்ற சொல்லுக்கு வருவோம். மறுப்பை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வது இந்தியருக்கோ ஆசியருக்கோ உரிய தனிப் பண்பு என்பது மொழியியலின் முன் நிற்காத கூற்று. உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறை அரை நூற்றாண்டாக இதைத்தான் நிறுவியிருக்கிறது. அழைப்பை ஏற்பவர் உடனே ஏற்கிறார். மறுப்பவர் தயங்குகிறார், ‘வந்து...’ என்று இழுக்கிறார், நன்றி சொல்கிறார், காரணம் சொல்கிறார். இந்த விதிகள் முதன்முதலில் கண்டறியப்பட்டதே அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் பேசிய ஆங்கிலத்தில்தான். சீலியா கிட்சிங்கரும் ஹன்னா ஃப்ரித்தும் 1999இல் எழுதிய கட்டுரை இதிலிருந்து கூர்மையான முடிவு ஒன்றை எடுத்தது. பாலுறவுக்கு மறுக்கும் இளம்பெண்கள் ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற அறிவுரையை அவர்கள் நிராகரித்தார்கள். அன்றாட ஆங்கிலத்தில் யாரும் அச்சொல்லை மட்டும் நம்பி மறுப்பதில்லை; கேட்பவர்களும் மறுப்பை மறுப்பென்று நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆகவே ‘எனக்குப் புரியவில்லை’ என்பவர் சொல்வது புரியாமையைப் பற்றியன்று, தன் வசதியைப் பற்றி.

வணிகப் பேச்சிலும் இதுவே நடக்கிறது. ‘இந்த மாதத்துக்குள் கொஞ்சம் சிரமம், பார்க்கலாம்’ என்று பொறியாளர் சொல்கிறார். அது மறுப்பு என்பது தமிழ் அறிந்தவருக்கும் தெரியும், அதன் ஆங்கில வடிவத்தைக் கேட்பவருக்கும் தெரியும். கேட்பவர் ‘பார்க்கலாம்’ என்பதை எடுத்துக்கொண்டு ‘சிரமம்’ என்பதைக் கீழே போட்டால் அதற்குப் பொறியாளரின் பண்பாடு எப்படிப் பொறுப்பாகும்? வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் ‘நல்ல யோசனை, பிறகு பேசுவோம்’ என்று ஒரு கோரிக்கையைப் புதைக்கும்போது அதற்குப் பெயர் நாசூக்கு. அதையே இந்தியர் செய்தால் அது பண்பாட்டுத் தடை.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் டான்யா ஸ்டைவர்ஸ் தலைமையிலான குழு, பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களைப் படம்பிடித்து, ஆம்-இல்லை கேள்விகளுக்கு விடை வர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டது. ‘மௌனத்தைப் பேணும் ஜப்பானியர்’ என்று வணிக நூல்கள் வருணிக்கும் அந்த ஜப்பானியர்களே பத்து மொழியினரிலும் விரைவாக விடையளித்தவர்கள். சராசரி இடைவெளி நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிக மெதுவாக விடையளித்தவர்கள் டேனிஷ் மொழியினர். அவர்களுக்கும் அரை நொடி ஆகவில்லை. ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் ‘ஆம்’ விரைந்து வந்தது, ‘இல்லை’ தயங்கி வந்தது. தயக்கம் மனிதப் பேச்சின் பொதுச்சொத்து. அதை ஒரு தேசத்தின் கணக்கில் மட்டும் எழுதிவைப்பது மோசடி.

அப்படியானால் அந்தத் தொலைபேசிக் கூட்டங்களில் பொறியாளர் ஏன் ‘ஆம்’ என்கிறார்? யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், பேச்சு என்பது பேசுபவர், கேட்பவர் என்ற இருவரோடு முடிவதில்லை என்றும், ஒரு கூற்று யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவரைத் தவிர அங்கே கேட்டுக்கொண்டிருக்கும் பிறருக்காகவும் அது அமைகிறது என்றும் காட்டினார். இரவு பத்து மணிக் கூட்டத்தில் வாடிக்கையாளர் கேள்வி கேட்கிறார். அதே இணைப்பில் பொறியாளரின் மேலாளர் இருக்கிறார். ஆண்டு மதிப்பீட்டை எழுதப்போகிறவர் அவர். அந்த மேலாளருக்கு மேல், கெடுவையும் விலையையும் ஏற்கெனவே விற்றுவிட்ட விற்பனைப் பிரிவு இருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் விதிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் பணியில் இருப்பவரானால், நிறுவனத்தோடு கட்டப்பட்ட விசா இருக்கிறது. கெடுவை முடிவுசெய்த கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படவில்லை. முடிவு செய்த பிறகு அதற்கு ஆம் சொல்ல மட்டும் அழைக்கப்படுகிறார். வாடிக்கையாளரின் காதில் விழும் அந்த ‘ஆம்’ உண்மையில் மேலாளருக்குச் சொல்லப்பட்டது.

இதே பொறியாளர் மறுநாள் காலை ஆட்டோக்காரர் சொல்லும் கூலியைக் கேட்டவுடன் ‘முடியாது’ என்கிறார். அரை நொடியும் தயங்குவதில்லை. பதினோரு மணிநேரத்தில் ஒருவருடைய பண்பாடு மாறிவிடாது. மாறியிருப்பது, மறுத்தால் என்ன ஆகும் என்பது.

உழைப்பவருக்குச் சட்டத்தின் துணை இருக்கும் நாட்டில் இதே ‘பண்பாட்டு மோதல்’ என்ன உருவம் எடுக்கிறது என்பதை ஜெர்மனியில் வால்மார்ட்டின் கதை காட்டுகிறது. 1997இலும் 1998இலும் இரண்டு உள்ளூர்ச் சங்கிலிக் கடைகளை வாங்கி அது ஜெர்மனியில் நுழைந்தது. 2006இல் தன் 85 கடைகளையும் மெட்ரோ குழுமத்துக்கு விற்றுவிட்டு, ஏறத்தாழ நூறு கோடி டாலர் இழப்போடு வெளியேறியது. மேலாண்மை வகுப்புகளில் இது சொல்லப்படும் விதம் பிரபலமானது: வாசலில் நின்று வரவேற்பவர்களும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் காசாளர்களும் ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லை, பண்பாடு புரியாமல் வால்மார்ட் தோற்றது.

சிரிப்புக் கதை சுவையானது. அது மறைப்பவையோ கனமானவை. ஆல்டி, லிடில் ஆகிய மலிவுவிலைக் கடைகள் ஏற்கெனவே சந்தையை நிறைத்திருந்தன. அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கும் உத்தியைக் கூட்டாட்சிப் போட்டி ஆணையம் 2000இல் தடுத்தது. ஜெர்மனிக் கிளையின் முதல் தலைமை நிர்வாகி ஜெர்மன் மொழி அறியாத அமெரிக்கர். மேலாளர்களின் அலுவல்மொழி ஆங்கிலம் என்று ஆயிற்று. 2005இல், ஊழியர்களிடையே காதல் உறவைத் தடைசெய்தும், சக ஊழியரின் விதிமீறலைத் தொலைபேசியில் காட்டிக்கொடுக்கச் சொல்லியும் ஒரு நடத்தை நெறித்தொகுப்பை நிர்வாகம் கொண்டுவந்தது. ஊழியர் மன்றம் வழக்குத் தொடுத்தது. மன்றத்தைக் கலந்துகொள்ளாமல் இத்தகைய விதிகளை விதிக்க முடியாது என்றும், காதலுக்கு விதித்த தடை மனித மாண்புக்கு எதிரானது என்றும் தொழிலாளர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

ஹாஃப்ஸ்டீடின் அளவுகோலில் அமெரிக்காவின் அதிகார இடைவெளி 40, ஜெர்மனியின் இடைவெளி 35. ஏறத்தாழ ஒன்றே. அந்த எண்களை வைத்துக்கொண்டு எவராலும் இந்த மோதலை முன்னறிந்திருக்க முடியாது. ஜெர்மன் காசாளரும் தன் வேலைக்கு அஞ்சுபவர்தான். ஆனால் அவரைக் கேட்காமல் விதி எழுத முடியாத ஒரு மன்றத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. அங்கே ‘முடியாது’ என்ற சொல் பண்பாட்டிலிருந்து வரவில்லை, சட்டப் பிரிவிலிருந்து வந்தது.

அந்தச் சட்டப் பிரிவு தாளில் இருந்தும் கைக்கு எட்டாத இடம் ஒன்றும் உண்டு. காஞ்சிபுரம் அருகே சுங்குவார்சத்திரத்தில் குளிர்பதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் சலவை இயந்திரங்களும் செய்யும் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. கோரிக்கைகளில் முதன்மையானது, தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவும் அப்போது நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் தந்த உரிமையைப் பதிவுசெய்துகொள்ள 2025 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது.

கொரிய நிறுவனங்களின் படிநிலை ஒழுங்குக்கும் இந்தியத் தொழிலாளரின் பழக்கத்துக்கும் பொருந்தவில்லை என்ற விளக்கம் இத்தகைய சமயங்களில் எளிதில் கைக்கு வருகிறது. அதை நம்புபவர்கள் அதே ஆண்டில் கொரியாவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலையில், சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல் பொது வேலைநிறுத்தத்தைக் கொரியத் தொழிலாளர்கள் நடத்தினார்கள். பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்ற கொள்கையைக் கடைப்பிடித்த நிறுவனம் அது. 2020 மே மாதத்தில்தான் அதன் துணைத்தலைவர் லீ ஜே யோங் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். ஹாஃப்ஸ்டீடின் கணக்கில் தென் கொரியா 60, இந்தியா 77. இரண்டுமே மேலிருப்பவருக்குப் பணிந்துபோகும் நாடுகளாகக் கற்பிக்கப்படுபவை. பணிந்துபோவதாகச் சொல்லப்பட்ட இரு நாட்டுத் தொழிலாளர்களும் ஒரே நிறுவனப் பெயருக்கு எதிராக ஒரே ஆண்டில் எழுந்தார்கள். கொரியப் பண்பாடு என்று சொல்லப்பட்டது நிறுவனத்தின் கொள்கை. கொரியர்களே அதை எதிர்த்தார்கள்.

இதனால் நாடுகளுக்கிடையே பேச்சுவழக்கில் வேறுபாடே இல்லை என்று ஆகாது. இருக்கிறது, மொழியியல் அதை நுட்பமாகவும் காட்டியிருக்கிறது. 1970களில் பிரிட்டனின் விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் பரிமாறிய இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமானவர்கள் என்று புகார் எழுந்தது. ஜான் கம்பர்ஸ் அங்கே உரையாடல்களைப் பதிவுசெய்து கேட்டார். குழம்பு வேண்டுமா என்ற பொருளில் ‘கிரேவி’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலேயப் பெண்கள் ஏறும் தொனியில் சொன்னார்கள். அது கேள்வியாக ஒலித்தது. ஆசியப் பெண்கள் இறங்கும் தொனியில் சொன்னார்கள். அவர்களுடைய வழக்கில் அதுவே கேட்கும் முறை, ஆங்கிலேயர் காதிலோ ‘இதோ, எடுத்துக்கொள்’ என்று விழுந்தது. குறை எந்தத் தரப்பின் குணத்திலும் இல்லை, தொனியைக் கேட்டறியும் வழக்கங்கள் மாறுபட்டதில் இருந்தது என்று அவர் விளக்கினார்.

அந்த ஆய்வின் பெருமை அதன் சிறுமையில் இருக்கிறது. ஒரு சொல், ஒரு தொனி, ஒரு தட்டு, ஒரு வரிசை. அது தேசத்துக்கு எண் வழங்கவில்லை. இன்றைய பயிற்சிச் சந்தை இதன் தலைகீழ். வேறுபாட்டைப் பெரிதாக்கி, திருத்தத்தை ஒரு தரப்பின் தலையில் மட்டும் சுமத்துகிறது. கால் சென்டர்களில் ஜெயலட்சுமி ஜெனிஃபர் ஆக்கப்பட்டார். அவருடைய உச்சரிப்பை ‘நடுநிலைப்படுத்த’ வாரக்கணக்கில் வகுப்பு நடந்தது. நடுநிலையான உச்சரிப்பு என்று உலகில் ஒன்று கிடையாது என்பது மொழியியலின் முதல் பருவப் பாடம். பணம் கொடுப்பவரின் உச்சரிப்புக்கே அந்தப் பெயர். இப்போது பேசும்போதே உச்சரிப்பை மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இந்திய அழைப்பு மையங்களுக்கு வந்துவிட்டது. கேட்பவரின் செவிக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்ற யோசனை மட்டும் எந்தத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

பண்பாட்டு விளக்கம் உண்மையா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒப்பந்தத்தை மாற்றிப் பாருங்கள். கெடுவை முடிவுசெய்யும் கூட்டத்தில் அதைச் செய்துமுடிக்கப்போகிற பொறியாளரை உட்காரவையுங்கள். அவர் போதாது என்று சொல்லும் கெடுவை விற்பனைப் பிரிவு விற்கக்கூடாது என்று எழுதுங்கள். முடியாது என்று சொன்னவரின் ஆண்டு மதிப்பீடு அந்த ஒரு காரணத்தால் குறைக்கப்படக்கூடாது என்ற விதியைச் சேருங்கள். சங்கம் வைப்பவரை வேலையைவிட்டு நீக்க முடியாதபடி ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்துங்கள். அதன் பிறகும் இந்தியர்கள் எல்லாவற்றுக்கும் ஆம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அப்போது பண்பாட்டைப் பற்றிப் பேசலாம்.

இந்தச் சோதனையைப் பயிற்சி வகுப்புகள் ஒருபோதும் முன்மொழிவதில்லை. அரை நாள் வகுப்பும் அறுபது படவில்லைகளும் மலிவு. ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்ப்பது விலை உயர்ந்தது. பொறியாளருக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரியும். அவர் அதைச் சொன்ன பிறகும் வேலையில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.